ஸ்பெக்ட்ரம்: திரை முழுக்கக் கோடு, அவசர உதவி தேவை

ரப்பர்விசை:
அப்பாவின் பழைய சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். பவர் கொடுத்தால் டிவியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான். எந்த விசைக்கும் அசையவில்லை. ஞாயிறு அப்பா வருகிறார், அதற்குள் ஓடவேண்டும். என்ன செய்யலாம்?

சாலிடர்மணி:
நினைவகம் 16கே-யா, 48கே-யா? அடாப்டர் எது? டிவி எது? 9 வோல்ட் டிசி என்று பார்த்துப் புது அடாப்டர் வாங்கிச் செருகிவிடாதீர்கள். இதற்கு உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேரெதிர்.

எட்டுபிட்:
கெப்பாசிட்டர்தான், சந்தேகமே வேண்டாம். நாற்பது வருஷத்தில் காய்ந்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பழையபெட்டி:
இதற்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிவிட்டுக் கேட்கலாம். கோடு வந்தால் கோளாறு கீழ் 16கே ராமில் (நினைவகத்தில்), அதாவது எட்டு 4116 சிப்புகளில். அவற்றுக்கு 5 வோல்ட் மட்டும் போதாது. 12, மைனஸ் 5 இரண்டும் வேண்டும். அவற்றைத் தரும் சுற்றில் டிஆர்4 டிரான்சிஸ்டர் போனால் ராமும் சேர்ந்து போகும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்க வேண்டாம்.

ரப்பர்விசை:
48கே. அதனுடன் வந்த அடாப்டர்தான். பழைய டப்பா டிவி, சேனல் 36.

நாடாச்சுருள்:
பின்னால் ஏதாவது செருகியிருக்கிறதா? இன்டர்ஃபேஸ் 1, அதில் மாட்டும் மைக்ரோடிரைவ் என்ற நாடா கார்ட்ரிட்ஜ் பெட்டி மாதிரி? 1983-ல் மைக்ரோடிரைவ் வந்தபோது, கேசட் டேப்பில் ஐந்து நிமிஷம் ஏறிய புரோகிராம் சில நொடியில் ஏறியது. அந்தச் சின்ன கார்ட்ரிட்ஜில் 85கே!

எட்டுபிட்:
அதை நம்பி எழுதியதையெல்லாம் தொலைத்தவன் நான். உள்ளே ஒரே நாடா வளையம், இழுபட்டு இழுபட்டு நீண்டுவிடும். கேசட் இன்றும் ஏறுகிறது.

நாடாச்சுருள்:
இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். கையேட்டைப் படித்தவர்கள் தொலைக்கவில்லை.

பழையபெட்டி:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

ரப்பர்விசை:
பின்னால் கெம்ப்ஸ்டன் இன்டர்ஃபேஸ், அதாவது ஜாய்ஸ்டிக்கை இணைக்கும் பெட்டி, இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அது அங்கேதான், அதனால் சொல்லத் தோன்றவில்லை.

சாலிடர்மணி:
சரி, அதுதான் முதல் சந்தேகம். முதலில் பவர் வயரைப் பிடுங்குங்கள். மின்சாரம் இருக்கும்போது இன்டர்ஃபேஸைச் செருகினாலும் கழற்றினாலும், பழையபெட்டி அண்ணன் சொன்ன டிஆர்4-க்கு ஆபத்து. கழற்றியபின், போர்டின் விளிம்பில் தெரியும் உலோகப் பட்டைகளை மென்மையான அழிரப்பரால் லேசாகத் தேயுங்கள். துகளைத் துடைத்துவிட்டு, பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இரண்டு பக்கமும் துடையுங்கள். காய்ந்ததும் இன்டர்ஃபேஸ் இல்லாமல் போட்டுப் பாருங்கள்.

படம் வந்தால், அணைத்துவிட்டு இன்டர்ஃபேஸை மாட்டி, மறுபடி போட்டு, ஜாய்ஸ்டிக்கின் நிலையைக் காட்டும் PRINT IN 31 (பிரின்ட் இன் 31) கட்டளையைக் கொடுங்கள். பி விசையை அமுக்கினால் பிரின்ட் முழுச் சொல்லாக வரும். IN-க்கு கேப்ஸ் ஷிப்ட், சிம்பல் ஷிப்ட் இரண்டையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். பிறகு சிம்பல் ஷிப்டோடு ஐ. ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் இருந்தால் 0 வரவேண்டும்.

பழையபெட்டி:
முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது. ஆனால் மணி சொன்னது சரி.

ரப்பர்விசை:
வந்துவிட்டது! அழிரப்பர் கறுத்துப்போகும் அளவுக்கு அழுக்கு. வெள்ளைத் திரை, கீழே 1982 சின்க்ளேர் ரிசர்ச். மாட்டிய பிறகு 0, சுடும் பொத்தானை அமுக்கிக்கொண்டு கேட்டால் 16. நன்றி மணி அண்ணா. அப்பா வந்ததும் எழுதுகிறேன்.

எட்டுபிட்:
மகிழ்ச்சி. கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுங்கள்.