குளிர் நாட்டில் விதையிலிருந்து வெங்காயம்: எந்த மாதம் விதைப்பது?

கீரைப்பாத்தி (ஸ்கார்பரோ)

மன்றத்து அன்பர்களுக்கு வணக்கம். கனடாவின் ரொறன்ரோவில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் எட்டடிக்கு நான்கடி அளவில் இரண்டு உயர்பாத்திகள் உள்ளன. இவ்வாண்டு அவற்றில் ஒன்றை முழுவதும் வெங்காயத்துக்கு ஒதுக்கி, கடையில் விற்கும் விதை வெங்காயத்தை நடாமல், விதையிலிருந்தே நாற்று எழுப்பி வளர்க்க எண்ணியிருக்கிறேன். எப்போது விதைப்பது என்று விசாரித்தால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். விதைப் பொதியிலோ, கடைசி உறைபனிக்கு எட்டு முதல் பத்து வாரங்களுக்கு முன்னர் வீட்டுக்குள் விதைக்குமாறு அச்சிட்டிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஹாலண்ட் மார்ஷ் பண்ணைகளில் வசந்தத்தில் நேரே நிலத்தில்தானே விதைக்கிறார்கள், உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்கிறார்.

நிலக்கீழ் அறையில் ஒரு மேசையும் எல்.இ.டி. குழல் விளக்குகளும் இருக்கின்றன. அறை சற்றுக் குளிராகவே இருக்கும். கையில் ‘பேட்டர்சன்’ வகை விதையும், நாசிக் சிவப்பு வெங்காய விதைப் பொதி ஒன்றும் உள்ளன. இரண்டையும் விதைக்கலாமா? நம் சமையலுக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தையும் இதே முறையில் வளர்க்க வழியுண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

மார்க்கம் வெள்ளாமை (மார்க்கம்)

வணக்கம் அம்மா. நம் பகுதிக்கு விடை சுருக்கமானது: பெப்ரவரி நடுப்பகுதியில் வீட்டுக்குள் விதையுங்கள், ஏப்ரல் கடைசியில் பாத்திக்கு மாற்றுங்கள். ஆனால் காரணம் தெரிந்தால்தான் உங்கள் நாசிக் விதையைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைக்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தக்காளிக்குக் கணக்கு உறைபனியோடு முடிந்துவிடும். வெங்காயத்துக்கு உறைபனி இரண்டாம்பட்சம். அதை ஆள்வது பகல் நீளம். பகல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நீண்டதும், செடி பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும், புதிய தாள் விடுவதைக் குறைத்துக்கொண்டு அடியில் காய் திரளத் தொடங்கிவிடும். நீள்பகல் வகைகளுக்கு அந்த அளவு ஏறத்தாழ 14 முதல் 16 மணி நேரம்; குறும்பகல் வகைகளுக்கு 10 முதல் 12 மணி நேரம். ரொறன்ரோவில் மே தொடக்கத்திலேயே பகல் 14 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது, ஜூன் 21 அன்று 15 மணி 27 நிமிடம் வரை போகிறது. ஆகவே ‘பேட்டர்சன்’ போன்ற நீள்பகல் வகை ஜூன் நடுப்பகுதியை ஒட்டித் திரளத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெங்காயத்தின் ஒவ்வொரு வளையமும் ஒரு தாளின் அடிப்பகுதிதான் என்பதால், ஜூனுக்குள் செடி எத்தனை தாள் விட்டதோ அதைப் பொறுத்தே காயின் பருமன் அமையும். பத்துத் தாளோடு ஜூனை எட்டும் செடிக்கும் நான்கு தாளோடு எட்டும் செடிக்கும் ஒரே நாளில் திரட்சி தொடங்கும். பின்னதற்கு எவ்வளவு உரம் போட்டும் பயனில்லை. பெப்ரவரியில் விதைப்பதெல்லாம் இந்தத் தாள்களைச் சேர்த்து வைப்பதற்காகத்தான்.

நாசிக் விதையை இங்கே காய்க்காக விதைக்காதீர்கள். ஏறத்தாழ 20 பாகை அகலாங்கில் உள்ள மகாராட்டிர மாநிலத்துக்கு ஏற்ற குறும்பகல் வகை அது. நீங்கள் ஏப்ரலில் நடும்போதே இங்கே பகல் அதற்கு மிக நீளம். மூன்று நான்கு தாள்களோடு அவசரமாகத் திரண்டு, கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். வீணாக்க மனமில்லையென்றால் ஒரு சாடியில் நெருக்கமாகத் தூவி, வெங்காயத் தாளுக்காக அறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலண்ட் மார்ஷைப் பற்றி உங்கள் அண்டைவீட்டுக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் அது சதுப்பு நிலத்தை வடிகட்டி உருவாக்கிய, மட்கு நிறைந்த கரிய மண். விதை எளிதாக மேலே வரும், ஈரம் நிற்கும். அவர்களிடம் நுட்பமான விதைப்புப் பொறிகளும் களைக்கொல்லி அட்டவணையும் உள்ளன. நம் புறநகரக் களிமண்ணில், மெல்லிய நூல் போன்ற வெங்காய முளையைக் களைகள் மூன்றே வாரங்களில் மூடிவிடும்.

இனி விதைக்கும் முறை. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. ஓராண்டு கடந்தாலே முளைப்புத் திறன் சரியத் தொடங்கும், ஆகையால் பொதியின் மேல் உள்ள ஆண்டைப் பாருங்கள். வேரை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எளிது என்பதால் குழித்தட்டு கட்டாயமில்லை; பத்துச் சென்ரிமீற்றர் ஆழமுள்ள, அடியில் துளையிட்ட எந்தப் பெட்டியும் போதும். ஈரமாக்கிய விதைப்பு மண்ணை நிரப்பி, விதைகளை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் பரப்பி, அரைச் சென்ரிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை மண்ணால் மூடுங்கள். மண்ணின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் ஒரு வாரத்தை ஒட்டி முளைக்கும். 10 பாகையில் இரண்டு வாரம் வரை காத்திருக்க நேரும். உங்கள் அறை குளிர் என்பதால் முளைக்கும்வரை சூடுதரும் விரிப்பு ஒன்றின் மேல் வைப்பது நல்லது. முளை நிமிர்ந்து வருவதில்லை. நடுவில் மடிந்து, அந்த மடிப்பு மண்ணைத் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே வரும், நுனி கரிய விதைத்தோலைச் சுமந்தபடி பிறகே நிமிரும். விதைத்தோலை விரலால் கழற்ற முற்படாதீர்கள், நுனி அறுந்துபோகும்.

முளைத்தபின் விரிப்பை எடுத்துவிடுங்கள். 15 முதல் 18 பாகை வரையிலான குளிர்ச்சி நாற்றைத் தடிப்பாக்கும். உங்கள் நிலக்கீழ் அறைக்கு இங்கேதான் மதிப்பு. விளக்கை நாற்றின் நுனிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, ஒரு நாளுக்கு 12 முதல் 14 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் நீட்டினால் கோடைப் பகல் வந்துவிட்டதாக நாற்று எடுத்துக்கொள்ளக்கூடும். தாள் வளர்ந்து சாயும்போது கத்தரிக்கோலால் எட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு நறுக்கி விடலாம். வெட்டிய தாள் முட்டைப் பொரியலுக்கு மிக நன்றாக இருக்கும்.

லீட்ஸ் தோட்டக்காரன் (இங்கிலாந்து)

மேலே எழுதியதற்கு முழு உடன்பாடு. இங்கே கண்காட்சிக்குப் பெரிய வெங்காயம் வளர்ப்பவர்கள் கிறிஸ்துமசுக்கு மறுநாள் விதைப்பது பழைய வழக்கம். அவ்வளவு முந்துவது மற்றவர்களுக்குத் தேவையில்லை. நாங்கள் சனவரிக் கடைசியில் தொடங்குகிறோம். எங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ‘சென்ஷ்யு’ போன்ற சப்பானிய வகைகளை ஆகஸ்டு நடுவில் விதைத்து, குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே விட்டு, அடுத்த ஜூன், ஜூலையில் அறுவடை செய்கிறோம். உங்கள் கனடியக் குளிரில் மறைப்பு எதுவுமின்றி இதைச் செய்ய இயலாது என்பதால், வலைத்தளங்களில் ‘இலையுதிர்காலத்தில் விதையுங்கள்’ என்று படித்தால் அது எந்த நாட்டுக்காரருக்கு எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தி விதைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வெங்காயம் ஈராண்டுப் பயிர். பென்சிலை விடத் தடித்துவிட்ட நாற்று, 10 பாகைக்குக் கீழான குளிரில் சில வாரங்கள் இருந்தால், குளிர்காலம் ஒன்றைக் கடந்துவிட்டதாகக் கொண்டு பூத்தண்டு விடும். விதை வெங்காயத்தில் இத்தொல்லை மிகுதியாக இருப்பதற்கு, அது ஏற்கெனவே ஓராண்டு வளர்ந்தது என்பதே காரணம். அப்படிப் பூத்தது உண்ணத் தகும், சேமிப்புக்கு ஆகாது.

ஒட்டாவாக்காரி (ஒட்டாவா)

சின்ன வெங்காயத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன் தங்கச்சி. நம் ஊர்ச் சின்ன வெங்காயமும் குறும்பகலுக்குப் பழகியதே. யாழ்ப்பாணத்திலோ திண்டுக்கல்லிலோ விளைவது போல இங்கே விளையும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு மாற்றாக, ‘அம்பிஷன்’, ‘கன்சர்வர்’ போன்ற நீள்பகல் வகைச் சிறு வெங்காயங்களை விதையிலிருந்து வளர்க்கலாம். பெப்ரவரிக் கடைசியில் விதைத்தாலும் காலம் போதும். சாம்பாருக்கு உரித்துப் போட அளவும் காரமும் பொருந்தி வருகின்றன, வசந்தம் வரை கெடாமலும் இருக்கின்றன. நம் வெங்காயத்தின் அந்த மணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

நாற்றுப் பெட்டியில் மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றழுகலும் மண்ணில் மொய்க்கும் சிறு ஈக்களும் வரும். பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பாத்திக்கு மாற்றும் முன் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, முதலில் நிழலில் சில மணி நேரம், பிறகு வெயிலில் நெடுநேரம் என்று நாற்றை வெளியில் பழக்குங்கள். பழகிய நாற்று இலேசான உறைபனியைத் தாங்கும், ஆகவே மே இரண்டாம் கிழமைவரை காத்திருக்க வேண்டியதில்லை. செடிக்குச் செடி பத்து முதல் பன்னிரண்டு சென்ரிமீற்றர் விட்டு, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் புதைக்காமல் நடுங்கள். நட்ட அன்றே பூச்சிவலை போடுவது என் பழக்கம். வெங்காய ஈ மே மாதத்திலேயே முட்டையிட வந்துவிடும். இங்கே 1993-இல் முதலில் கண்டறியப்பட்ட லீக் அந்துப்பூச்சியும் கிழக்கு ஒன்ராறியோவில் பெரும் தொல்லை, தாளுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்னும்.

கீரைப்பாத்தி (ஸ்கார்பரோ)

மூவருக்கும் மிக்க நன்றி. பெப்ரவரி நடுவில் ‘பேட்டர்சனை’ விதைக்கிறேன்; நாசிக் விதை சாடிக்குப் போகிறது; அக்கா சொன்ன சிறு வெங்காய விதையைத் தேடி வாங்குகிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: உரம் எப்போது இடுவது, எப்போது நிறுத்துவது?

மார்க்கம் வெள்ளாமை (மார்க்கம்)

நாற்றுக்கு இரண்டு தாள் வந்தபின் இரு வாரங்களுக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம் போதும். பாத்தியில் நடும்போது மட்கிய எருவும், மே முழுவதும் தழைச்சத்து மிகுந்த உரமும் கொடுங்கள். வெங்காயத்தின் வேர் ஆழமில்லாதது, தேடிப் போய் எடுக்காது. கழுத்துக்கு அடியில் மண் வெடித்துக் காய் பருக்கத் தொடங்கியதும் தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் கழுத்து தடித்து, காயாமல், சேமிப்பில் அழுகும். ஆகஸ்டில் பாதிச் செடிகளின் தாள் தானாகச் சாய்ந்ததும் தண்ணீரையும் நிறுத்துங்கள். பிடுங்கியபின் காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம், கழுத்து முழுவதும் காயும்வரை, பரப்பி வையுங்கள். கார்க் கொட்டகையின் தரையில் நேராகப் போடாமல் கம்பித் தட்டின் மேல் பரப்பினால் அடிப்பக்கமும் சேர்ந்து காயும்.