குடோன் பஞ்சாயத்து சீன்: ஒத்தை பல்பு வெளிச்சத்துல எப்படி எடுக்கிறது?

இருட்டுக்கடை கேட்டது:
12 நிமிஷக் குறும்படம், கடத்தல் கும்பல் கதை. தலைவர், ரெண்டு ஆளுங்க, நடுவுல மேசை, மேல தொங்குற மஞ்சள் பல்பு. காட்டிக்கொடுத்தவன் யாருன்னு தெரியுற சீன். குடோன் 30-க்கு 20 அடி, சுண்ணாம்பு அடிச்ச வெள்ளைச் சுவர். கேமரா சோனி எஃப்எக்ஸ்3, எஸ்-லாக்3 (அப்புறம் கலர் திருத்த வசதியா வெளிறின படமாப் பதிவாகிற முறை), ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 6400. கையில 200 வாட் எல்இடி ஒண்ணு, கலர் மாத்துற டியூப் லைட் ரெண்டு. டெஸ்ட்ல பல்பு வெள்ளைப் பொட்டா வெடிக்குது, முகம் சாம்பலா இருக்கு, கறுப்பு கறுப்பாவே வரல, நாய்ஸ் (படத்துல புள்ளிபுள்ளியா இரைச்சல்) வேற. எங்க தப்பு?

கட்டர்ஸ்டாண்ட்:
முதல் தப்பு சுவர். வெள்ளைச் சுவர் நாலும் நாலு தெர்மாகோல் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குது. லைட்டைக் குறைச்சா முகமும் சேர்ந்துதான் மங்கும், நிழல் ஆழமாகாது. ஃப்ரேமுக்கு வெளிய இருக்கிற சுவரை எல்லாம் கறுப்புத் துணியால மூடுங்க. ஃப்ரேமுல வர்ற பின்சுவருக்கு அழுக்குப் பச்சை டிஸ்டெம்பர் அடிச்சிடுங்க.

அடுத்து, கண்ணுக்குத் தெரியுற பல்பை நம்பி முகத்தை எடுக்காதீங்க. அதுக்கு 25 வாட் குண்டு பல்பு, டிம்மர்ல இறக்கி வெச்சா போதும், சிவந்து அழகா இருக்கும். மலிவு எல்இடி பல்பு டிம்மர்ல வரிவரியா ஓடும். முகத்துக்கு உங்க 200 வாட்டை ஃப்ரேமுக்கு மேல ஒளிச்சு, ஸ்கிம்மர் துணி (வெளிச்சத்தை மென்மையாக்குற வெள்ளைத் துணி) கட்டி, சுத்தி ஒரு அடிக்குக் கறுப்புத் துணியைப் பாவாடை மாதிரி தொங்க விடுங்க. லைட் 5600 கெல்வின் (பகல் வெளிச்ச வெள்ளை; எண் குறைஞ்சா மஞ்சளாகும்) மட்டும்னா முழு ஆரஞ்சு ஜெல் (லைட் முன்னாடி வைக்கிற கலர் தாள்) போடணும். முகத்துக்கு 4 அடி, பின்சுவருக்கு 12 அடின்னு வெச்சா, சுவருக்குக் கிட்டத்தட்ட ஒன்பதுல ஒரு பங்குதான் போய்ச் சேரும். பழைய ஷீட் கூரைச் சட்டத்துல தொங்க விடாதீங்க. பூம் ஸ்டாண்ட் (பக்கவாட்டுல கை நீட்டின ஸ்டாண்ட்), மணல் மூட்டை, பாதுகாப்புச் சங்கிலி மூணும் கட்டாயம்.

ரீல்பெட்டி:
மேல் லைட்டுல கண்குழி கறுத்திடும். 1972-ல காட்ஃபாதர்ல ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் மார்லன் பிராண்டோவுக்கு அப்படித்தான் லைட் பண்ணினாரு, அந்த வயசான மேக்கப்புக்கும் அது தேவைப்பட்டது. உங்க தலைவருக்கு அது பொருந்தும். ஆனா மாட்டிக்கிட்டவன் கண்ணு தெரியலன்னா சீனே இல்ல. அவன் முன்னாடி மேசையில ஒரு கணக்குப் பேரேட்டை விரிச்சு வைங்க. அந்த வெள்ளைப் பக்கமே கீழ இருந்து கண்ணுல வெளிச்சம் ஏத்தும். பக்கம் பழுப்பா இருந்தா வேலைக்கு ஆகாது, புதுத்தாள் ஒட்டுங்க. தலைவர் பேரேட்டை மூடும்போது அவன் முகம் தானா இருண்டுடும். வசனம்கூட வேணாம்.

கலர்மேசை:
நாய்ஸுக்குக் காரணம் 6400. இந்தக் கேமராவுல எஸ்-லாக்3-க்கு அடிப்படை ஐஎஸ்ஓ (நாய்ஸ் கம்மியா வர்ற அளவு) 800, இன்னொண்ணு 12800. நடுவுல நிக்காதீங்க. 800, 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, லென்ஸ் துவாரம் எஃப் 2.8-ல ஆரம்பிங்க. எஸ்-லாக்3-ல நடுச்சாம்பல் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடு அளவு) சிக்னல்ல 41 சதவீதம். முகத்தோட வெளிச்சப் பக்கம் அதை ஒட்டி வரணும், நிழல் பக்கம் 3 ஸ்டாப் கீழ (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி). செட்டுல வெளிச்சமா எடுத்து, எடிட்டுக்கு அப்புறம் கலர் திருத்துற கிரேடிங்ல இறக்குங்க. இருட்டா எடுத்துத் தூக்கினா நாய்ஸும் சேர்ந்து எழும்பும். பதிவு 10 பிட் 4:2:2 (கலர் விவரம் அதிகமாப் பதிவாகிற முறை) வைங்க. 8 பிட்ல பின்சுவர் வெளிச்சம் கரையுற இடம் படிப்படியாத் தெரியும், யூடியூப்ல ஏத்தினா இன்னும் மோசம்.

இருட்டுக்கடை:
பேரேடு யோசனை அருமை, ஸ்கிரிப்ட்லயே எழுதிட்டேன். டியூப் ரெண்டையும் எங்க வைக்க?

கட்டர்ஸ்டாண்ட்:
ஒண்ணு போதும். பின்வாசலுக்கு வெளிய, தெருவிளக்கு மாதிரி. சோடியம் விளக்குன்னா 2000 கெல்வின் பக்கம் வைங்க. கதை இன்னைக்கு நடக்குதுன்னா தெருவுல வெள்ளை எல்இடிதான், 5000-க்கு மேல ஏத்துங்க. இன்னொண்ணைப் பெட்டியை விட்டே எடுக்காதீங்க.