அடுப்படி ஆர்டர் சர்வர்: முதலில் மாட்யூல் எரர், இப்போது ஆர்டர்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன

பினாங்குத்_தங்கச்சி:
வணக்கம். ஜார்ஜ்டவுன் லெபு பாசார் பக்கம் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் ஒரு லேப்டாப், அடுப்படியில் உபுண்டு போட்ட பழைய லேப்டாப். கல்லாவில் தட்டுகிற ஆர்டர் அடுப்படித் திரையில் வரவேண்டும். பைத்தானில் வெறும் சாக்கெட் (இரண்டு கணினிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ள உதவும் மாட்யூல்) வைத்து எழுதியிருக்கிறேன். சர்வரை ஓட்டினால், பாதி ஏற்றப்பட்ட சாக்கெட் மாட்யூலில் 'சாக்கெட்' என்ற ஆட்ரிபியூட் இல்லை என்கிறது. அதே ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்து ஓட்டினால் எரர் இல்லை. ஆனால் அப்போதும் கல்லாவிலிருந்து கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. அடுப்படி லேப்டாப்பிலிருந்தே இணைத்தால் மட்டும் வேலை செய்கிறது.

செந்தூல்காரன்:
தங்கச்சி, டெஸ்க்டாப்பில் ஓடுகிறது என்ற அந்த வரியிலேயே விடை இருக்கிறது. பழைய ஃபோல்டரில் சாக்கெட்.பிஒய் என்று ஏதாவது பயிற்சி ஃபைல் கிடக்கிறதா? பைத்தான் மாட்யூலைத் தேடும்போது, ஓடுகிற ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். அங்கே அதே பெயர் கிடைத்தால் தன்னுடைய சாக்கெட்டைத் தேடிப் போகாது. பெயரை மாற்றினால் போதும். பைத்தான் 3.13 பதிப்பாக இருந்தால் எரரிலேயே பெயரை மாற்றச் சொல்லியிருக்கும்.

இரண்டாவது, பைண்ட் செய்யும் இடத்தில், அதாவது சர்வர் எந்த முகவரியில் கேட்கவேண்டும் என்று சொல்லும் இடத்தில், 127.0.0.1 என்று இருக்கும். அது அந்த லேப்டாப்புக்குள் மட்டும் கேட்கும் முகவரி. 0.0.0.0 போட்டால் கல்லாவுக்கும் கேட்கும், ஆனால் அந்த நெட்வொர்க்கில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபையைத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், அவர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க் வைத்துவிடுங்கள்.

பினாங்குத்_தங்கச்சி:
அந்த ஃபைல் இருந்தது. இரண்டும் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி அண்ணே. ஆனால் மத்தியானக் கூட்டத்தில் திரையில் 'தோசை 112' என்று வந்தது. நான்காம் மேசைக்கு ஒரு தோசை, பன்னிரண்டாம் மேசைக்கு இரண்டு ரொட்டி சானாய். அனுப்பியது '4 தோசை 1', அப்புறம் '12 ரொட்டி சானாய் 2'. சில நேரம் யூனிகோட் டீகோட் எரர் (பைட்டுகளை எழுத்தாக மாற்ற முடியவில்லை என்பது) வந்து சர்வரே நின்றுவிடுகிறது.

செந்தூல்காரன்:
இதைத்தான் பலரும் சரியாகக் கவனிப்பதில்லை. உங்கள் சாக்கெட் பயன்படுத்தும் டிசிபி என்ற இணைப்பு முறைக்கு 'ஒரு ஆர்டர்' என்பதே தெரியாது. அது கொண்டுபோவது பைட்டுகளின் ஓட்டம் மட்டும். நீங்கள் இரண்டு முறை அனுப்பியது மறுபக்கம் ஒரே ரிசீவில் (வந்த பைட்டுகளை வாங்கும் அழைப்பில்) வரலாம், ஒரு முறை அனுப்பியது இரண்டாகப் பிரிந்தும் வரலாம். ஆள் இல்லாத நேரத்தில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும். எது எங்கே முடிகிறது என்று நீங்கள்தான் குறிக்கவேண்டும். ஒவ்வொரு ஆர்டரின் முடிவிலும் புதுவரிக் குறி சேர்த்து, பாதியை மட்டும் அனுப்பிவிட்டு நிற்கக்கூடிய செண்ட் அல்ல, முழுவதையும் அனுப்பும் செண்ட்ஆல் கொண்டு அனுப்புங்கள்.

டீகோட் எரருக்கும் காரணம் இதுதான். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'தோசை' என்பது த, ஓகாரக் கொம்பு, ச, ஐகாரக் கொம்பு என்று நான்கு குறி, ஆக 12 பைட். ரிசீவ் 1024 பைட்டில் வெட்டும்போது ஒரு குறியின் நடுவில் வெட்டு விழுந்தால், மிச்சத்தை எழுத்தாக மாற்ற முடியாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. நம் மொழியில் மெனு வைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஆகவே பைட்டாகவே சேர்த்துக்கொண்டே போய், புதுவரி வந்ததும் அதுவரை உள்ளதை மட்டும் டீகோட் செய்யுங்கள். புதுவரியின் பைட் தமிழ் எழுத்துக்குள் ஒருபோதும் வராது, தைரியமாக வெட்டலாம். இல்லையென்றால் கனெக்‌ஷனில் மேக்ஃபைல் கூப்பிட்டு, என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுத்து வரிவரியாகப் படியுங்கள். வரி பிரிப்பது, டீகோட் செய்வது இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிறை_தம்பி:
அக்கா, ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால் எரர் 98, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வரலாம். பைண்டுக்கு முன்னால், அதே முகவரியை மீண்டும் பயன்படுத்த விடும் ரீயூஸ்அட்ரஸ் ஆப்ஷனைப் போட்டுவிடுங்கள். போட்டும் அதே எரர் என்றால் பெரும்பாலும் பழைய சர்வர் பின்னணியில் இன்னும் ஓடுகிறது என்று பொருள்.

செந்தூல்காரன்:
தம்பி சொல்வது சரி. அப்புறம், ரிசீவ் ஒரு பைட்டுகூட இல்லாமல் காலியாகத் திருப்பினால், கல்லா பக்கம் இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் லூப்பை ஓடவிட்டால் சிபியு 100 சதவீதத்தில் நிற்கும், அந்தப் பழைய லேப்டாப் தாங்காது.