பாய்சன், வெனம், டாக்சின்: எல்லாமே விஷம்தானே?

பட்டர்வொர்த் அம்மா:
வணக்கம். மகள் இங்கிலீஷ் கட்டுரையில பினாங்கு பாம்புக் கோயிலைப் பத்தி எழுதி, அங்க இருக்கிற பாம்பெல்லாம் பாய்சனஸ்னு போட்டிருக்கா, டீச்சர் சிவப்புல அடிச்சு வெனமஸ்னு திருத்திட்டாங்க. ஏம்மானு கேக்குறா. நான் தமிழ்ல படிச்சவ, எனக்கு எல்லாமே விஷம்தான், இதுல டாக்சின்னு வேற ஒண்ணு இருக்காம். யாராச்சும் விளக்கமா சொல்லுங்களேன்.

பாயான் லெப்பாஸ் தம்பி:
டீச்சர் திருத்துனது சரிதான்கா. கடிச்சோ கொட்டியோ நம்ம உடம்புல ஏத்துனா வெனம், பாம்பு தேள் குளவி எல்லாம் இதுல வரும். நாம தின்னோ மோந்தோ தோல்ல பட்டோ உள்ள போனா பாய்சன். கோயில் பாம்பு பிட் வைப்பர் வகை, பல்லு வழியா ஏத்தும். ஈக்கான் புந்தால், அதான் உடம்பை ஊதிக்கிற பேத்தை மீன், நம்மள கடிச்சு ஏத்தாது, நாமதான் அதைத் தின்னு மாட்டிக்கிறோம், அதனால அது பாய்சனஸ். மலாய்ல பாம்போடது பீசா, மத்தது ராச்சூன், இப்படிச் சொன்னீங்கன்னா பிள்ளை டக்குனு பிடிச்சுக்கும்.

ஈப்போக்காரன்:
டாக்சின்னா உயிருள்ளது உண்டாக்குற விஷம், பாம்பு, செடி, காளான், கிருமி எதுவா இருந்தாலும் சரி. அப்போ பாம்போட வெனத்துல இருக்கிறதும் டாக்சின்தான். ஃபேக்டரியில செஞ்ச பாராகுவாட்ங்கிற களைக்கொல்லியை டாக்சின்னு எழுதுனா தப்பு, டாக்சிக்னு எழுதலாம். அந்த டாக்சிக் வந்ததே கிரேக்கத்துல வில்லுக்கு இருக்கிற டாக்சன்ங்கிற சொல்லுலேர்ந்து, அம்புல தடவுற விஷம்னுதான் முதல் அர்த்தம். எங்க ஊருக்குப் பேரு குடுத்த ஈப்போ மரத்துப் பாலைத்தான் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஊதுற அம்பு முனையில தடவுவாங்க, மரத்தோட அறிவியல் பேரு ஆன்டியாரிஸ் டாக்சிகாரியா! எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

கேஎல் அக்கா:
பாராகுவாட்னு பாத்ததும் எழுதாம இருக்க முடியல. எங்கம்மா தோட்டத்துல வருஷக்கணக்கா முதுகுல பம்ப் மாட்டிக்கிட்டு அதைத்தான் அடிச்சாங்க. யாரும் விஷம்னு சொன்னதே இல்ல, 'மருந்து அடிக்கப் போறேன்'னுதான் சொல்லுவாங்க. சாயங்காலம் வந்தா விரல் நகம் வெளுத்து ஓரமெல்லாம் உடைஞ்சு இருக்கும், அந்தக் கையாலதான் எங்களுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டுனாங்க. டின்ல மண்டையோடு படம் இருக்கும், ராச்சூன்னு எழுதியிருக்கும், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதை முறிக்கிற மருந்து இன்னிக்கு வரைக்கும் கிடையாது, நம்ம மலேசியாவுல தடை வந்ததே 2020 ஜனவரி 1லதான். மகளுக்குச் சொல்லிக் குடுக்கறப்போ இந்த 'மருந்து'ங்கிற சொல்லையும் சேத்துச் சொல்லுங்க தங்கச்சி.

பட்டர்வொர்த் அம்மா:
அக்கா, எங்க வீட்டுல சிங்க் அடியில ஒரு மினரல் பாட்டில்ல புல் மருந்து ஊத்தி வச்சிருக்கோம், மேல பேரு கூட எழுதல. இப்பவே எடுத்து வெளிய ஸ்டோர்ல வச்சுப் பூட்டுறேன். மகள் மார்க்கர் எடுத்துட்டு வந்துட்டா.