சாகா மோட் வெளியிட்ட பிறகு எனக்கு வாய்த்த ஆட்கள்

அசெட்டோ கோர்சா என்ற கார் ரேஸ் கேமுக்கு, 1985-இல் வந்த மலேசியக் காரான முதல் புரோட்டோன் சாகாவை மோடாக, அதாவது கேமில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் காராகச் செய்து வெளியிட்டேன். நான் இருப்பது கோலாலம்பூர், செந்தூல். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கார் செய்வது எப்படி என்று வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதை ஜிப் போட்டு ஊருக்குக் கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

முதலில் பட்டர்வொர்த் தம்பி ஒருவன். "அண்ணே, கார் லிஸ்ட்ல இருக்கு, ரேஸ் ஸ்டார்ட் பண்ணா கேம் மூடிக்குது" என்று மெசேஜ். ஸ்கிரீன்ஷாட் கேட்டேன். என் காரின் ஃபோல்டருக்கு அவன் அப்பா ஓட்டிய பழைய சாகாவின் நம்பரைப் பெயராக வைத்திருந்தான். ஆசை நியாயமானது, ஆனால் இந்த கேமில் அது நடக்காது. எடை, சஸ்பென்ஷன், டயர், இன்ஜின் கணக்கு எல்லாம் டேட்டா.ஏசிடி என்ற ஒரே ஃபைலுக்குள் பூட்டியிருக்கும். அதைத் திறக்கும் சாவி ஃபோல்டரின் பெயரிலிருந்துதான் உருவாகிறது. பெயர் மாறினால் பூட்டு திறக்காது. காரின் சத்தங்களைப் பட்டியலிடும் ஜியுஐடி ஃபைலிலும், அந்தக் காரின் சத்தங்களைச் சொல்லும் வரிகளில் அதே பெயர்தான் இருக்கும்.

அவனுக்கு வேறு வழி காட்டினேன். காரின் வெளித்தோற்றங்கள் இருக்கும் ஸ்கின்ஸ் ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். நம்பர் பிளேட்டின் டெக்ஸ்சரை, அதாவது அதன் மேல் ஒட்டும் படத்தை மாற்றி உள்ளே வைத்தால் போதும், மற்றதையெல்லாம் கேம் மூலக் காரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் செய்து அனுப்பிவிட்டான். பம்பரின் ஓரத்தில் இருந்த துருவைக்கூட விடவில்லை! கேட்டு அனுமதி வாங்கி அடுத்த பதிப்பில் அந்த ஸ்கின்னைச் சேர்த்தேன். இன்று அதிகம் பேர் ஓட்டுவது அதைத்தான்.

அடுத்தவர் சுபாங் ஜெயாவில் வெள்ளிக்கிழமை ரேஸ் நடத்தும் அக்கா. சாகாவை வைத்து ஒரு சீசன் ஓட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தம்பி, சீசன் முடியிற வரைக்கும் டேட்டாவைத் தொடாதே." அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆன்லைனில் சேரும்போது சர்வர் தன்னிடம் உள்ள டேட்டா.ஏசிடியையும் ஓட்டுபவரிடம் உள்ளதையும் ஒப்பிடும். டயரில் ஒரு எண் மாறியிருந்தாலும் ஆளை வெளியே தள்ளிவிடும். எனவே ஸ்கின், பிரிவியூ படம், விவரக் குறிப்பு இவற்றை எப்போது வேண்டுமானாலும் திருத்தி வெளியிடுவேன். ஓட்டத்தை மாற்றும் எதையும் சீசன் இடைவெளியில்தான் விடுவேன், அதுவும் பதிப்பு எண்ணோடு. பிறர் நம்பி ஓட்டும் காரை நடுவில் மாற்றுவது எனக்கு முறையாகப் படவில்லை.

எங்கள் பகுதி மெக்கானிக் அங்கிள் கேமே விளையாடாதவர். தன் காரின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்ய விட்டார். மோடுடன் வரும் ரீட்மீ குறிப்பில் நன்றி சொன்ன இடத்தில் முதல் பெயர் அவருடையது.

இனி மனசுக்குக் கஷ்டமான ஒன்று. ஒரு சாட் குரூப்பில் யாரோ என் மோடைப் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றார்கள். ரீட்மீயைத் தூக்கிவிட்டார்கள், ஆனால் காரின் விவரங்கள் இருக்கும் யுஐ கார் ஜேசன் ஃபைலில், செய்தவர் பெயரைச் சொல்லும் ஆத்தர் வரியை எடுக்க மறந்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒருவர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்தார். அவருக்குப் புதிய பதிப்பை இலவசமாகவே அனுப்பினேன். அதனால் பெயரையும் பதிப்பு எண்ணையும் ரீட்மீயில் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், ஜேசனிலும் எழுதுங்கள்.

பணத்தைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. காரின் ஸ்டீயரிங் வீல் நான் செய்ததல்ல. வெளிநாட்டு மாடலர் ஒருவர், இலவசமாகக் கொடுக்கும் வரை பயன்படுத்திக்கொள் என்று எழுத்தில் அனுமதி தந்திருந்தார். அது விலைக்குப் போனால் நான் அவருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? நடந்ததை அவருக்கு அன்றைக்கே எழுதினேன். குரூப் அட்மினுக்கும் அந்த அனுமதிக் கடிதத்தை அனுப்பினேன். அட்மின் மறுநாளே பதிவை எடுத்துவிட்டார். மாடலர் கோபப்படவில்லை, ஸ்டீயரிங்கின் கூர்மையான டெக்ஸ்சர் ஒன்றைச் சேர்த்தே பதில் அனுப்பினார். அதை சீசன் முடியக் காத்திருக்காமல் போன வாரமே வெளியிட்டுவிட்டேன்; அது டேட்டாவைத் தொடுவதில்லையே.