உட்கார்ந்து கேட்கப் போய் ஆடிவிட்டு வந்த கதைகள்: ஹங்கேரி நாட்டுப்புற இசை

புடாபெஸ்டுக்குப் படிக்க வந்த முதல் வாரம் அது. சீனியர் ஒருவர் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனார். சிவப்பு வெயிஸ்ட்கோட் போட்ட வயலின்காரர் மேசை மேசையாக வந்து, காதருகே குனிந்து, உருகி உருகி வாசித்தார். காசு வைக்க வேண்டுமா, வைத்தால் எவ்வளவு என்ற யோசனையில் எனக்குப் பாட்டே காதில் ஏறவில்லை. சூப் ஆறிப்போனதுதான் மிச்சம். "இதுதான் இந்த ஊர் நாட்டுப்பாட்டு" என்றார் சீனியர். ஒன்றரை வருடம் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் லேப் தோழி, "தான்ஸ்ஹாஸுக்குப் போகிறேன், வருகிறாயா?" என்றாள். நடன வீடு என்று அர்த்தம். கச்சேரி என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். போனால், பள்ளிக்கூட ஹால் மாதிரி ஓர் இடம். பார்வையாளர்களுக்கென்று நாற்காலி வரிசை எதுவும் இல்லை. சுவரோரம் மூன்றே பேர் வாசிக்கிறார்கள். ஒருவர் வயலின், இவர்தான் ப்ரீமாஷ், குழுவின் தலைவர். ஒருவர் ஆளுயர பாஸ், செல்லோவைவிடப் பெரிய, கனத்த குரல் உள்ள தந்திக் கருவி. நடுவில் இருந்தவர் கையில் வயோலா மாதிரி ஒன்று. அதன் பெயர் கோன்ட்ரா.

என் கண் அந்தக் கோன்ட்ராவிலேயே ஒட்டிக்கொண்டது. மொத்தமே மூன்று தந்திகள். தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. அதனால் வில் பட்டால் மூன்று தந்தியும் சேர்ந்தேதான் ஒலிக்கும், தனி மெட்டுக்கு அது ஆகாது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, வில்லை மேலும் கீழுமாக ஓட்டுகிறார். மெதுவான ஆட்டத்துக்கு ஒரே இழுப்பில் இரண்டு அழுத்தம், இரண்டாவது கொஞ்சம் தூக்கலாக. இதற்கு 'டூவே' என்று பெயர். ஆட்டம் சூடுபிடித்ததும் வேறு தாளம்: பாஸ் தாளத்தின் ஒவ்வொரு தட்டிலும் விழ, கோன்ட்ரா தட்டுகளுக்கு நடுவே விழும். வில்லில் தடவும் பிசினான ரோசினின் தூள் அவர் பேன்ட் முழுக்க மாவு மாதிரி உதிர்ந்திருந்தது.

ஓரமாக நின்று பார்க்கலாம் என்று இருந்தவனைத் தோழி இழுத்து விட்டுவிட்டாள். சார்டாஷ் ஆட்டம். சாலையோரச் சத்திரத்துக்கு இங்கே சார்டா என்று பெயர், ஆட்டத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. ஆணின் கை பெண்ணின் முதுகில், பெண்ணின் கை ஆணின் தோளில், பக்கவாட்டில் இரண்டடி போய் இரண்டடி திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அந்த இரண்டடிக்கே நான் ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணி, பக்கத்து ஜோடியின் காலை இரண்டு தடவை மிதித்தேன். தோழி கடுப்பாகி, "வயலினைக் கேட்காதே. கோன்ட்ராக்காரர் வலது கையைப் பார்" என்றாள். பார்த்தேன். அந்த இரண்டாவது அழுத்தத்தில் முழங்கால் தானாக மடங்கியது. எண்ணுவதை அன்றோடு விட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ப்ரீமாஷ் தன் விரல்களைப் பார்க்கவே இல்லை, ஆடுகிறவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது சுழல ஆரம்பித்தால் அந்த மெட்டை இன்னொரு சுற்று நீட்டுகிறார். மெதுவாகத் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல், வேகம் ஏறி ஏறி இருபது நிமிடம் ஓடியது. சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது.

இந்த ஏற்பாடு நகரத்துக்கு வந்து அதிகக் காலம் ஆகவில்லை. 1972 மே 6 அன்று, புடாபெஸ்டின் லிஸ்ட் சதுக்கத்தில் இருந்த புத்தக கிளப்பில் முதல் தான்ஸ்ஹாஸ் நடந்தது. வாசித்தவர்கள் ஃபெரென்ஸ் ஷெபேயும் பேலா ஹல்மோஷும். முதலில் நடனக் குழுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பிறகு நடன ஆசிரியர் ஷான்டோர் தீமார் முயற்சியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவு திறந்தது. நடன ஆய்வாளர் ஜியோர்ஜி மார்ட்டின் கிராமம் கிராமமாகப் போய்ப் படம் பிடித்து வைத்த ஆட்டங்கள் கற்றுக்கொடுக்கக் கைகொடுத்தன. இந்தக் கற்பிக்கும் முறையை 2011இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சரி, என் கதை போதும். உங்களுடையதைச் சொல்லுங்கள்.

* * *

நான் ருமேனியாவின் க்ளூஜ் நகரில் சில மாதம் வேலை பார்த்தேன். அந்தத் திரான்சில்வேனியாப் பகுதி முழுக்க முதல் உலகப்போர் முடியும்வரை ஹங்கேரியோடு இருந்தது, இன்றும் ஹங்கேரிய கிராமங்கள் நிறைய. நீங்கள் சொன்ன தான்ஸ்ஹாஸுக்கே மாதிரி இங்கிருக்கும் சேக் கிராமம்தான். அங்கே அந்தக் காலத்தில் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்களாம், வாசிப்பவர்களுக்குக் கூலியும் அவர்களே கொடுப்பார்களாம். ஊரின் மூன்று பகுதிக்கும் தனித்தனி நடன வீடு இருந்ததாம்.

என் அனுபவம் சேக்கில் இல்லை, க்ளூஜுக்கு மேற்கே கலோடசெக்கில். அலுவலகத் தோழர் தன் தங்கை கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். இரவு பதினொரு மணி வாக்கில் பெண்கள் விலகி நின்று கூவ ஆரம்பித்தார்கள். என்ன என்று பார்த்தால், இசைக்குழு முன்னால் ஓர் ஆள் தனியாக வந்து நிற்கிறான். லெகேன்யெஷ், இளைஞர் ஆட்டம். குதித்துக் காலை வீசி, பூட்ஸ் தண்டில் உள்ளங்கையால் பளார் பளாரென்று அறைகிறான். மெட்டு முடியும் இடத்தில் ஆட்டமும் கச்சிதமாக முடிகிறது. நம் ஊரில் தீர்மானம் வைத்து முடிப்பது மாதிரி. அவன் போனதும் அடுத்தவன். கடைசியில் மணப்பெண்ணின் தாத்தா வந்தார். அவர் குதிக்கவே இல்லை. இரண்டு சின்ன அடி, ஒரே ஒரு அறை. ஆனால் அந்த ஒரு அறை விழுந்த இடம் இருக்கிறதே! இளவட்டங்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

விடியற்காலையில் ஆட்டம் ஓய்ந்ததும் ஆண்கள் தோளோடு தோள் கோத்து வாசிப்பவர்கள் முன் நின்று பாடினார்கள். இதற்கென்றே தனிப் பாட்டு வகை உண்டு, ஹய்னலி. விடியல் பாட்டு. தாளம் இறுக்கமாக இல்லை, பாடுகிறவன் மூச்சுக்குத் தக்கபடி வயலின் காத்திருக்கிறது.

பத்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவள் என்பதால் ஒன்று சொல்ல ஆசை. மறுநாள் அந்தத் தாத்தாவின் மனைவி சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஒன்று பாடினார். ஐந்தே ஸ்வரம். ச க ம ப நி. அப்படியே சுத்த தன்யாசி! ஆனால் போக்கு வேறு: மேலே தொடங்கி இறங்கிக்கொண்டே வருகிறது. முதல் பாதி மெட்டு, இரண்டாம் பாதியில் ஐந்து ஸ்வரம் கீழே தள்ளி அதே மாதிரி திரும்ப வருகிறது. பழைய பாணிப் பாட்டுக்கு இது ஓர் அடையாளமாம். நான் கூடவே முணுமுணுத்ததும், பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் எனக்கும் ஒரு கத்தி கொடுத்தார்.

* * *

மிருதங்கம் வாசிப்பவன் நான். புடாபெஸ்டில் வசந்த காலத்தில் தேசிய தான்ஸ்ஹாஸ் கூடல் நடக்கும், 1982இல் தொடங்கியது. அங்கே ஒரு கடையில் முரட்டுத்தனமாகச் செதுக்கிய செல்லோ ஒன்று இருந்தது. "வில் எங்கே?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு குச்சியை நீட்டினார். உட்டே கர்டோன். கிழக்குக் கார்பாத்திய மலையில் ஜிமெஷ் பகுதிக்காரர்கள் கருவி. தந்திகளைக் குச்சியால் அடிக்க வேண்டும், இடது கையால் ஒரு தந்தியை மட்டும் இழுத்து விட, அது பலகையில் 'டக்' என்று அறையும். பார்வைக்குச் செல்லோ, வேலைக்குத் தவில்.

அந்த ஊரில் கணவர் வயலின், மனைவி கர்டோன் என்பதுதான் வழக்கம். யானோஷ் ஸெர்குலா, ரெகினா ஃபிகோ தம்பதியின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். இரண்டே கருவியில் ஓர் ஊரையே ஆட வைத்தவர்கள். நான் கடையில் அடித்துப் பார்த்தேன். தாளம் பிடித்துவிட்டேன் என்று பெருமையாக நிமிர்ந்தால், கடைக்காரர் மனைவி தலையை ஆட்டி, குச்சியை வாங்கி, அதையே அடித்துக் காட்டினார். என்னுடையது எண்ணிக்கையில் சரி, ஆனால் ஒரு பக்கம் சாயவில்லை. அங்கே சில ஆட்டங்களின் தாளம் நொண்டி நடக்கும், அடிகள் சம அளவில் வராது. எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

* * *

முதல் பதிவர் உணவக வயலினை ரொம்பவும் மட்டம் தட்டிவிட்டார், அதனால் குறுக்கே வருகிறேன். அங்கே வாசிக்கப்படுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் நகரத்துக்காரர்கள் இயற்றிய பாட்டுகள். அதைத்தான் உலகமே ஹங்கேரிய நாட்டுப்பாட்டு என்று நினைத்திருந்தது, நீங்கள் ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை. 1904இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக், திரான்சில்வேனியாவிலிருந்து வந்த லிடி டோஷா என்ற பணிப்பெண் குழந்தைக்குப் பாடியதைக் கேட்டுத்தான் வேறொரு உலகம் இருப்பதையே உணர்ந்தார். பிறகு அவரும் இன்னொரு இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாயும் மெழுகு உருளையில் பதியும் ஃபோனோகிராப்பைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பினார்கள்.

ஆனால் கிராமத்து வாத்தியக்காரர்களிலும் பெரும்பாலோர் ரோமா, அதாவது ஜிப்ஸி என்று அழைக்கப்பட்ட இனத்துக் குடும்பத்தினர்தான். உணவகத்தில் உருகுகிற கையும் கல்யாணத்தில் விடிய விடிய வாசிக்கிற கையும் சிலசமயம் ஒரே வீட்டுக் கைகள். சரக்கு வேறு, திறமை குறைச்சல் இல்லை. தந்திகளைச் சுத்தியால் தட்டும் சிம்பலோமும் அப்படித்தான். நம் ஆட்கள் பார்த்ததும் "அட, சந்தூர்!" என்பார்கள். ஒரு வகையில் சொந்தம்தான். ஆனால் மேசை மாதிரி காலும், ஒலியை அடக்கும் மிதியும் வைத்த இன்றைய பெரிய சிம்பலோம், ஷுண்டா என்ற கருவி செய்பவர் 1874இல் புடாபெஸ்டில் உருவாக்கியது. சுத்தி நுனியில் சுற்றிய பஞ்சு கொஞ்சம் தேய்ந்தாலே குரல் கரகரக்கும். வாசிப்பவர் இடைவேளையில் நூலும் பஞ்சுமாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், மருத்துவமனையில் கட்டுப் போடுகிற மாதிரி.

* * *

முதல் பதிவர்தான் மறுபடி. உணவகக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், போதுமா? அடுத்த முறை சூப்பை முதலில் குடித்துவிட்டு ஒழுங்காகக் கேட்கிறேன்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் என்ன போட்டுக்கொண்டு போவது என்று கேட்டிருந்தீர்கள். உடை எதுவானாலும் சரி. ஷூ மட்டும் ரப்பர் அடி வேண்டாம். ஜோடியாகச் சுழலும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டு முழங்கால் திருகும், எனக்கு ஒரு வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. தோல் அடி வைத்த பழைய ஷூ இருந்தால் அதுவே போதும். ஒரு சட்டை கூடுதலாக எடுத்துப் போங்கள்.