ஆற்காட்டு நவாப் கடனைக் கிண்டலடிச்ச லண்டன் படம் எது?

வாலாஜா வாத்தியார்:
எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க கம்பெனி ஆட்சி பத்திக் கண்காட்சி வைக்கிறாங்க. தலைப்பாகை கட்டின ஒருத்தர் யானை மேல ஊர்வலம் போற பழைய லண்டன் கேலிப்படம் கிடைச்சது. அவர் நம்ம ஊருக்குப் பேர் தந்த ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவா?

கோட்டைவாசி:
இல்லைங்க சார். அது பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் ஃபாக்ஸ். 1783 டிசம்பர்ல ஜேம்ஸ் சேயர்ஸ் போட்டது. கம்பெனியை அடக்க மசோதா கொண்டுவந்தவரை, பாதுஷா ஆகப் பார்க்கிறார்னு நக்கல். யானை முகத்தைப் பெரிசாக்கிப் பாருங்க, கூட்டணிக்காரர் நார்த் பிரபு! முன்னாடி எக்காளத்தோட போறவர் ஃபாக்ஸ் கட்சி எம்.பி. எட்மண்ட் பர்க். அதே மாசம் மசோதாவும் தோத்தது, ஆட்சியும் போச்சு.

உங்களுக்கு வேண்டியது லண்டன் கேலிப்பட ஓவியர் கில்ரே 1797ல போட்ட 'கவுன்ட் ரூப்பீ', அதாவது 'ரூபாய்ப் பிரபு'. லண்டன் ஹைட் பார்க் பூங்காவுல குதிரை மேல பால் பென்ஃபீல்ட். மெட்ராஸ்ல கம்பெனி சம்பளம் வாங்கிக்கிட்டே நவாபுக்கு வட்டிக்கு விட்ட ஆசாமி. நவாப் ஈடு காட்டினது நகைநட்டு இல்ல, ஆற்காட்டுச் சீமையோட நிலவரி வசூல். வட்டி கட்டினது குடியானவன்தான். 1785 பிப்ரவரி 28ல பர்க் பார்லிமென்ட்ல இந்தக் கடனைப் பிரிச்சு மேய்ஞ்சார். கில்ரே படத்துல சீமானைப் பார்த்துச் சிரிக்கலாம், வரி கட்டினவனைக் காணோம். பக்கத்துல வெள்ளைத்தாள் ஒட்டி அவனைப் பிள்ளைங்களையே வரையச் சொல்லுங்க.

சத்துவாச்சாரி:
வேலூர் சம்பந்தப்பட்ட படமும் இருக்கே! 1791ல காரன்வாலிஸ் வேலூர் வழியாத்தான் திப்பு மேல படையெடுத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போய், மழையில மாடெல்லாம் செத்து, பீரங்கிகளை உடைச்சுப் போட்டுட்டுத் திரும்பினார். கில்ரே அவரைக் கழுதை மேல ஓடவிட்டிருக்கார். அதையும் மாட்டுங்க சார்.

கோட்டைவாசி:
கோட்டை மேல நின்னு திப்பு என்ன பண்றார்னு சொல்லாம விட்டுட்டீங்களே! காரன்வாலிஸ் மேல ஒண்ணுக்குப் போறார். ஹெட்மாஸ்டர் பார்த்தா வாத்தியார் கதி என்ன?

வாலாஜா வாத்தியார்:
பசங்க காதுல விழுந்தா அதுதான் வேணும்பாங்க. பென்ஃபீல்டே போதும். கறுப்பு வெள்ளையா, கலரா?

கோட்டைவாசி:
கலர் எடுங்க. அப்பவே தாமிரத் தகட்டுல அச்சடிச்சு, ஆள் வெச்சுக் கையால வண்ணம் பூசித்தான் கில்ரே படங்களை வெளியிட்ட ஹன்னா ஹம்ஃப்ரி தன் கடையில வித்தாங்க. வண்ணம் பூசாததுக்கு விலை கம்மி.